கடல் உள்வாங்காமலும் ஆழிப்பேரலை வரும்

ஆழிப்பேரலை, அதாவது சுனாமி, பற்றிய உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. நடுக்கடலில் இருந்த படகுகளிலும் கப்பல்களிலும் யாருக்கும் எதுவும் தெரியாதிருக்க, அதே அலை கரையில் ஊர்களையே வாரிக்கொண்டு போனது எப்படி என்பது முதல் பகுதி. 2004 டிசம்பர் 26 அன்று சில கரைகளில் கடல் முதலில் நெடுந்தூரம் உள்வாங்கியதாகவும், வேறு சில கரைகளில் அப்படி எதுவும் நிகழாமல் நீர் நேரே ஏறி வந்ததாகவும் சொல்கிறார்களே, இவர்களில் யார் சொல்வது சரி என்பது இரண்டாம் பகுதி. ஆனால் கேள்வியை மீண்டும் படித்தபோது, இவ்விரண்டுக்கும் அடியில் வேறொன்று இருப்பதாகத் தோன்றியது: கடல் உள்வாங்கவில்லையென்றால் ஆபத்து இல்லை என்று நம்பி ஒருவர் கரையில் நிற்கலாமா என்பதையே நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள். நிற்கக் கூடாது. ஏன் கூடாது என்பதை, கடல் இயற்பியல் பயின்று கடல்மட்டப் பதிவுகளைப் பகுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன். அறிவியல் எவ்விடத்தில் உறுதியாகப் பேசுகிறது, எவ்விடத்தில் இன்னும் தயங்குகிறது என்பதையும் அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

நாள்தோறும் நாம் காணும் அலைகள் காற்றால் எழுபவை. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்குச் சில நொடிகள், மிஞ்சினால் 15 அல்லது 20 நொடிகள் ஆகும். இரு முகடுகளுக்கு இடையிலான தொலைவும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான். இத்தகைய அலையின் அசைவு, அதன் அலைநீளத்தில் பாதியளவு ஆழத்துக்குக் கீழே ஏறக்குறைய அற்றுப்போகிறது. பெரும்புயல் வீசும்போதும் ஆழ்கடலின் அடிப்பகுதி கலங்காமல் இருப்பது இதனால்தான். ஆழிப்பேரலை இந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் முகடுகளுக்கு இடையே 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி இருக்கும். ஆழ்கடலில் அதன் அலைநீளம் 100 கிலோமீட்டருக்கும் மேல், சில வேளைகளில் பல நூறு கிலோமீட்டர். கடலின் சராசரி ஆழமோ 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இத்தகைய அலைநீளத்தின் முன் பெருங்கடலும் ஆழமற்ற நீர்ப்பரப்பே. ஆகவே மேற்பரப்பிலிருந்து கடல்தரை வரையுள்ள நீர் முழுவதும் ஒன்றாக நகர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே விளங்கிவிடும்.

நீர் முழுவதையும் ஒன்றாக நகர்த்த வேண்டுமானால் கடல்தரையே நகர வேண்டும். பூமியின் மேலோடு கண்டத்தட்டுகள் எனப்படும் பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலான ஆழிப்பேரலைகள், அத்தகைய ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் செருகிச் செல்லும் அகழிப் பகுதிகளில் நிகழும் நிலநடுக்கங்களால் பிறக்கின்றன. கீழே செல்லும் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. இரு தட்டுகளும் உரசும் பரப்பு பற்றிக்கொண்டிருப்பதால் மேல்தட்டின் விளிம்பும் அதனோடு சேர்ந்து கீழ்நோக்கி இழுபடுகிறது, விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி மெல்லப் புடைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இறுக்கம் பிடியை மிஞ்சும்போது, வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட்டாற்போல் அந்த விளிம்பு மேலே நிமிர்கிறது. பின்னால் புடைத்திருந்த பகுதி அமிழ்கிறது. 2004இல் இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகும் எல்லை, சுமத்ராவின் வடமேற்கிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. பிளவு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை பரவி முடியவே எட்டு முதல் பத்து நிமிடம் பிடித்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது, 9.3 வரை கணித்தவர்களும் உண்டு. கடல்தரை சில மீட்டர் உயர்ந்தபோது, அதன் மேலிருந்த நீருக்கு விலகி ஓட நேரம் இருக்கவில்லை. ஆகவே தரையின் புதிய வடிவம் ஏறக்குறைய அப்படியே கடலின் மேற்பரப்பில் பதிந்தது: ஓரிடத்தில் மேடு, அதன் அருகே பள்ளம். அந்த மேட்டையும் பள்ளத்தையும் புவியீர்ப்பு சமன்செய்ய முயன்றதே இரு புறமும் பரவிய அலையாயிற்று.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இங்கேயே தொடங்கிவிடுகிறது. 2004இல் பிளவின் மேற்குப் பக்கம் மேலெழுந்தது. கிழக்குப் பக்கம் அமிழ்ந்தது. இதற்குத் தீவுகளிலேயே சான்றுகள் உள்ளன. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அதற்கு மாறாக, வட அந்தமானிலும் சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவின் வடமேற்கு முனையிலும் நீருக்கடியில் வாழ்ந்த பவளப் பாறைகள் வெளியே உயர்ந்து நின்று மடிந்தன. எனவே மேற்கு நோக்கிப் புறப்பட்ட அலைக்கு முன்னணியில் மேடு இருந்தது. கிழக்கு நோக்கிப் புறப்பட்டதற்கு முன்னணியில் பள்ளம் இருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையையும் இந்தியாவின் கிழக்குக் கரையையும் முதலில் வந்தடைந்தது உயர்ந்த நீர். தாய்லாந்தின் புக்கெட், காவோ லாக் கரைகளை முதலில் வந்தடைந்தது தாழ்ந்த நீர். அங்கே கடல் பின்வாங்கித் தரை வெளிப்பட்டது, அதைப் பார்க்க நின்றவர்கள் பலர் அடுத்து வந்த முகட்டில் சிக்கினார்கள். ஒரே நாள், ஒரே நிலநடுக்கம். எதிரெதிர்க் கரைகளில் எதிரெதிரான தொடக்கம். ஒரு கரையில் பாதுகாப்புப் பாடமாகச் சொல்லப்படும் அடையாளம் மறு கரையில் தோன்றவே தோன்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆழிப்பேரலை ஒற்றை அலையாக வருவதில்லை, தொடராக வருகிறது. ஒவ்வொரு முகட்டுக்குப் பின்னும் ஒரு பள்ளம் உண்டு. முதல் முகடு வடியும்போது கடல் தன் இயல்பான மட்டத்துக்கும் கீழே இறங்குகிறது. இலங்கையின் தென்மேற்கே களுத்துறையில், முதலில் வந்த நீர் வடிந்தபின் கடற்படுகை சில நூறு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பட்டிருந்ததைச் செயற்கைக்கோள் படம்பிடித்திருக்கிறது. முதல் முகடு சிறியதாக இருந்த இடங்களில், மக்கள் அதைச் சற்று உயர்ந்த ஓதம் (அன்றாடக் கடலேற்றம்) என்று எண்ணிக் கவனிக்காமலே விட்டிருக்கக்கூடும். பிறகு கடல் உள்வாங்கியதுதான் அவர்கள் நினைவில் தொடக்கமாக நின்றிருக்கும். நேரில் கண்டவர்களின் சாட்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பொறுத்தவரை, துறைமுகங்களில் உள்ள கடல்மட்டமானிகளின் பதிவையே முதன்மையாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். இரு தரப்பினர் சொல்வதும் இப்படிப் பொருந்திவிடுகிறது.

கடலடியில் நிகழும் ஒவ்வொரு பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையை எழுப்புவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் பெருங்கடல் கரைகள் முழுவதும் எச்சரிக்கப்பட்டன. எழுந்த அலையோ மிகச் சிறியது. அங்கே பாறைகள் கிடைமட்டமாக ஒன்றையொன்று உரசி நகர்ந்தன, தரை பெரிதாக மேலெழவில்லை. 2005 மார்ச் 28 அன்று சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவருகே அதே 8.6 அளவில் தட்டு செருகும் எல்லையிலேயே நிகழ்ந்த நிலநடுக்கமும் 2004ஐப் போன்ற பேரழிவைக் கடல்வழியே உண்டாக்கவில்லை. உயர்ந்த தரையின் பெரும்பகுதி தீவுகளுக்கு அடியிலும் ஆழங்குறைந்த நீரிலும் இருந்ததால், இடம்பெயர்ந்த நீரின் அளவு குறைவு. இதற்கு நேர்மாறான வகையே என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது. 1896இல் ஜப்பானின் சான்ரிகு கரையில் மக்கள் உணர்ந்த அதிர்வு மிதமானது. அதனால் பலர் வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை. அரைமணி நேரம் கழித்து வந்த அலைகள் ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றன. அகழிக்கு மிக அருகே, மென்மையான படிவுகளுக்கு ஊடே பிளவு மெதுவாகப் பரவும்போது, தரையை உலுக்கும் விரைவான அதிர்வுகள் குறைகின்றன. கடல்தரையின் நகர்வோ குறைவதில்லை.

நிலநடுக்கமே இல்லாமலும் ஆழிப்பேரலை எழலாம். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எந்த எச்சரிக்கையும் இன்றி, ஜாவா, சுமத்ரா கரைகளில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவுகளால் எழும் அலைகளின் நீளம் குறைவு. ஆகவே அவை அருகில் மிகக் கொடியவையாக இருந்தாலும், நெடுந்தொலைவு செல்லும்போது சிதறித் தளர்ந்துவிடுகின்றன. நிலநடுக்கமும் கடலடிச் சரிவும் சேர்ந்து நிகழும்போது எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 1998இல் பப்புவா நியூ கினியில் 2,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அலைக்குக் கடலடிச் சரிவே முதன்மைக் காரணம் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர் இன்று ஏற்கின்றனர். 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள பாலு விரிகுடாவில் நிகழ்ந்ததைப் பற்றி இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

இனி அலையின் பயணம். இந்தப் பகுதியில் அறிவியல் மிகவும் உறுதியான நிலத்தில் நிற்கிறது. நீர் முழுவதும் நகரும் அலையின் வேகத்தை ஆழம் ஒன்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது: புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர். 200 மீட்டர் ஆழத்தில் 160. 10 மீட்டர் ஆழத்தில் 36. கடலின் ஆழம் வரைபடங்களில் இருப்பதால், நிலநடுக்கத்தின் இடம் தெரிந்தவுடன் எந்தக் கரையை அலை எப்போது அடையும் என்பதை மிக நெருக்கமாகக் கணிக்க முடிகிறது. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் ஹவாயை ஏறத்தாழ 15 மணி நேரத்திலும், ஜப்பானை ஏறத்தாழ ஒரு நாளிலும் அடைந்தன. மிகத் தொலைவான பயணங்களில் அலை கணித்ததைவிடச் சில நிமிடம் தாமதமாக வருவதுண்டு. நீரின் எடையால் பூமியே சற்று வளைந்து கொடுப்பதும், நீர் சற்றே அமுங்கக்கூடியதாக இருப்பதும் அதற்குக் காரணம் என்பது கடந்த சில ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது.

நடுக்கடலில் ஏன் தெரியவில்லை என்பதற்கு எண்களே விடை சொல்லும். 2004இல் நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின், ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலின் மேலே கடந்து சென்றது. அது அளந்த அலையின் உயரம் ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அந்த 60 சென்டிமீட்டர் ஏற்றம் பல நிமிட நேரத்தில், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் பரவி நிகழ்கிறது. அங்கே நீர்த்துகள்கள் முன்னும் பின்னும் நகரும் வேகமும் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் உயரக் காற்றலைகளில் ஆடிக்கொண்டிருக்கும் படகில் இருப்பவர் இதை உணர வழியே இல்லை. அலை பாய்கிறது, நீர் பாய்வதில்லை; மணிக்கு 700 கிலோமீட்டர் என்பது அசைவு கைமாறிச் செல்லும் வேகமே தவிர, நீரே ஓடும் வேகமன்று. நொடிக்குச் சில சென்டிமீட்டர் நகர்வு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள நீர் முழுவதின் நகர்வு என்பதை மறக்கக் கூடாது. கரையில் வெளிப்படும் ஆற்றல் அனைத்தும் அந்த ஆழத்தில்தான் பொதிந்திருக்கிறது.

எல்லாத் திசைகளிலும் அலை ஒரே வலிமையோடு செல்வதில்லை. நீண்ட பிளவிலிருந்து கிளம்பும் ஆற்றலின் பெரும்பகுதி அந்தப் பிளவுக்குச் செங்குத்தான திசைகளில் பாய்கிறது. 2004இல் பிளவு ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்திருந்ததால் இலங்கையும் தமிழகமும் தாய்லாந்தும் முழு அடியையும் வாங்கின. பிளவின் நீட்சித் திசையில், அகன்ற ஆழமற்ற கடற்பரப்புக்குப் பின்னால் இருந்த வங்கதேசத்தில் பாதிப்பு மிகக் குறைவு. ஒரு தீவின் மறைவில் இருக்கும் கரை தப்பிவிடும் என்றும் கருதக் கூடாது. ஆழம் குறைந்த பக்கம் அலையின் வேகம் குறைவதால், அலைமுகம் அந்தப் பக்கமாகவே வளைந்து திரும்புகிறது. இலங்கையைச் சுற்றி வளைந்து வந்த அலைகளால் கேரளத்தின் கொல்லம், ஆலப்புழை கரைகளிலும் உயிர்கள் போயின. கடலடி மலைத்தொடர்கள் இந்த வளைவினால் அலையை வழிகாட்டிக் கூட்டிச் செல்கின்றன. பசிபிக், அட்லாண்டிக் கரைகளின் கடல்மட்டமானிகள் வரை அன்றைய அலைகள் பதிவானதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

கரையை நெருங்கும்போது நடப்பதே உங்கள் முதல் கேள்வியின் உள்ளடக்கம். அலையின் முன்பகுதி ஆழங்குறைந்த நீருக்குள் வந்து வேகம் இழக்கிறது. பின்பகுதி இன்னும் ஆழத்தில் விரைந்து வருகிறது. ஆகவே அலை நீளவாக்கில் நெருக்குண்டு, அதே ஆற்றல் குறைந்த ஆழத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், உயர்கிறது. சீராகச் சரியும் கடல்தரைக்கு ஒரு எளிய விதி உண்டு: ஆழம் எத்தனை மடங்கு குறைகிறதோ, அந்த எண்ணின் நான்காம் மூலம் (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) எவ்வளவோ, அத்தனை மடங்கு உயரம் கூடும். 4,000 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது ஆழம் 400 மடங்கு குறைகிறது. 400இன் நான்காம் மூலம் ஏறத்தாழ 4.5. ஆழ்கடலின் 60 சென்டிமீட்டர் கரையருகே 2.7 மீட்டராகிறது. இந்தக் கணக்கு ஒரு தொடக்கம்தான். அதற்குமேல் ஒவ்வொரு கரையும் தன் வடிவத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது: குறுகிச் செல்லும் விரிகுடா நீரைக் குவிக்கிறது, கடலடிப் பள்ளத்தாக்கு அலையைச் சிதறடிக்கிறது, கடலுக்குள் நீண்ட நிலமுனைகள் அதைத் தம்மை நோக்கி வளைக்கின்றன. ஒரு விரிகுடாவின் நீர் இயல்பாக ஊசலாடும் காலமும் அலையின் காலமும் ஒத்துவிட்டால், ஒவ்வொரு அலையும் முந்தையதன் மேல் ஏறி வளர்கிறது. ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழும் பவளத்தீவுகளான மாலத்தீவுகளில் அலை வளர இடமில்லாததால் அதன் உயரம் குறைவாகவே இருந்தது. எனினும் அத்தீவுகள் கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே மட்டுமே இருப்பதால் அந்த உயரமே பல தீவுகளை மூழ்கடித்தது. பிளவுக்கு மிக அருகில் இருந்த சுமத்ராவின் லோக்ங்கா பகுதியில் நீர் 30 மீட்டருக்கும் மேலான உயரம் வரை ஏறியது.

உயரம் என்று செய்திகளில் வரும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்மட்டமானியில் பதிவாகும் அலை உயரம் வேறு, ஓர் இடத்தில் தேங்கிய நீரின் ஆழம் வேறு, மலைச்சரிவில் நீர் எட்டிய மிக உயர்ந்த புள்ளி வேறு. 1958இல் அலாஸ்காவின் லித்துயா விரிகுடாவில் 524 மீட்டர் என்று சொல்லப்படுவது, பாறைச்சரிவு விழுந்த இடத்துக்கு எதிர்ச்சரிவில் நீர் ஏறிய உயரமே; அவ்வளவு உயரமான அலை கடலில் பயணம் செய்ததாக அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2011இல் ஜப்பானில் 40 மீட்டர் என்று குறிப்பிடப்படுவதும் இத்தகைய ஏற்ற உயரமே.

சுவர்போல எழுந்து வளைந்து உடையும் அலையாகவே ஓவியங்களில் ஆழிப்பேரலையைக் காட்டுகிறார்கள். மிகச் சில இடங்களில் அதன் முன்முகம் செங்குத்தாகி நுரைத்து வருவது உண்மை. பெரும்பாலான இடங்களிலோ கடலே ஏறி உள்ளே நடந்து வருகிறது, நிற்பதில்லை. காற்றலை ஏறிய சில நொடிகளில் திரும்பிவிடும், இது பல நிமிடங்கள் தொடர்ந்து ஏறும். ஒரே உயரமுள்ள காற்றலையும் ஆழிப்பேரலையும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கால அளவே காரணம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ளது. அதன் உந்துவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. முழங்கால் அளவே ஆனாலும் விரைந்தோடும் அந்த நீரில் மனிதர் நிலைத்து நிற்பது அரிது. அதில் படகுகள், மரங்கள், வாகனங்கள், இடிந்த சுவர்கள் சேர்ந்துகொள்கின்றன. நீர் வடியும்போது தாழ்வான வழிகளில் குவிந்து ஓடுவதால், வந்த வேகத்தைவிடத் திரும்பும் வேகம் சில இடங்களில் மிகுதி. கட்டடங்களின் அடித்தளத்தை அரித்துச் சாய்ப்பதிலும் மனிதர்களைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதிலும் அந்தத் திரும்பு நீரோட்டத்தின் பங்கு பெரிது.

முதல் அலையே பெரியது என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. 1964இல் அலாஸ்கா நிலநடுக்கத்துக்குப் பின் கலிபோர்னியாவின் கிரசென்ட் நகரை அலைகள் அடைந்தபோது, முதல் அலைகள் வந்து போனபின் ஊருக்குள் திரும்பியவர்களில் சிலர் நான்காம் அலையில் மாண்டனர். அதுவே அன்றைய மிகப் பெரிய அலை. அலைகள், கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடல்தரையான கண்டத்திட்டின் விளிம்பிலும் எதிர்க்கரைகளிலும் மோதித் திரும்புகின்றன; ஒரு பகுதி ஆற்றல் கரையோரமாகவே சிக்கிக்கொண்டு நெடுகிலும் ஓடுகிறது. இவை ஒன்றன்மேல் ஒன்று எப்போது பொருந்தும் என்பதைக் கரையில் நிற்பவர் கண்ணால் கணிக்க முடியாது. 2004இல் இந்தியப் பெருங்கடலின் பல துறைமுகங்களில் கடல்மட்டம் ஒரு நாளுக்கும் மேல் ஊசலாடிக்கொண்டிருந்தது.

எச்சரிக்கை அமைப்புகள் இவற்றில் எவ்வளவைக் கணிக்க முடியும்? வரும் நேரத்தை நன்றாக, உயரத்தைத் தோராயமாக, ஒரு குறிப்பிட்ட தெருவில் என்ன ஆகும் என்பதை மிகக் குறைவாகவே. ஆழ்கடல் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், தமக்கு மேலுள்ள பல கிலோமீட்டர் நீரில் ஏற்படும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்தையும் கண்டறிந்து மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் திறனுள்ளவை. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2007 முதல் இத்தகைய தரவுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுத்துவருகிறது. 2004இல் தமிழகக் கரைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கிடைத்த அவகாசம், இத்தகைய அமைப்பு இருந்திருந்தால், எத்தனையோ பேரைக் காத்திருக்கும் என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன். ஆனால் பிளவுக்கு அருகிலிருந்த, சுமத்ராவின் பண்டா ஆச்சே நகருக்குக் கிடைத்தது அரைமணி நேரத்துக்கும் குறைவு. மிகப் பெரிய நிலநடுக்கத்தின் உண்மையான அளவை முதல் சில நிமிடங்களில் அறிவதும் கடினம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் அமைப்பு, உலகின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று, மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை விடுத்தது; எனினும் அளவை முதலில் 7.9 என்று மதிப்பிட்டதால், இவாத்தே மாநிலத்துக்கு 3 மீட்டர் அலை என்று அறிவிக்க நேர்ந்தது. உண்மை அளவு 9.0, அங்கே வந்த அலைகள் அதைவிடப் பன்மடங்கு உயரமானவை. எச்சரிக்கையில் வரும் எண்ணை உச்ச வரம்பாகக் கொள்ளாமல், வெளியேறச் சொல்லும் கட்டளையாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சதுப்புநிலக் காடுகள் ஊர்களைக் காத்தன என்று 2004க்குப் பின் பரவலாகச் சொல்லப்பட்டது. நீங்களும் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதை நான் உறுதியான உண்மைகளின் வரிசையில் வைக்கமாட்டேன். பரங்கிப்பேட்டையை ஒட்டிய ஊர்களின் தரவுகள் அவ்வாறு காட்டுவதாக முதலில் ஓர் ஆய்வு வெளியானது. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், கடலிலிருந்து ஊரின் தொலைவும் தரையின் உயரமுமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று காட்டினர். அடர்ந்த, அகன்ற காடு மிதமான அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு. பேரலையின் முன் மரங்களே முறிந்து மிதக்கும் ஆயுதங்களாகலாம் என்பதும் உண்மை. காடுகளைக் காக்க வேறு நூறு காரணங்கள் உள்ளன. மக்களைக் கரையோரத்திலேயே குடியமர்த்த அவற்றை ஒரு காரணமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. விலங்குகள் முன்னரே உணர்ந்து ஓடின என்பதும் தனித்தனிக் கதைகளாகவே கிடைக்கிறது. அதை நம்பி இருப்பது சரியன்று.

கரையில் இருப்பவர் எதை நம்புவது என்றால், காலடியில் உணரும் அதிர்வை முதலில் நம்பலாம். ஒரு நிமிடத்தை நெருங்கியோ அதற்கு மேலோ நீடிக்கும் அதிர்வு, மென்மையாக இருந்தாலும், அறிவிப்புக்குக் காத்திராமல் மேடான இடத்துக்குச் செல்லப் போதுமான காரணம். சிமெலுவே தீவில் 1907இல் நேர்ந்த அழிவைப் பாட்டிகளும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் நெடுநேரம் நடுங்கினால் குன்றுக்கு ஓடு. 2004இல் பிளவுக்கு மிக அருகிலிருந்த அந்தத் தீவின் ஏறத்தாழ 78,000 பேரில் உயிரிழந்தவர்கள் ஏழு பேர். ஆனால் தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தின் அதிர்வைக் கரையில் பலர் உணரவே மாட்டார்கள். அங்கே அரசின் எச்சரிக்கைதான் துணை. கடல் உள்வாங்கினால் உடனே ஓட வேண்டும், ஓடுவதற்கு அது போதுமான அடையாளம். உள்வாங்காதது எதற்கும் அடையாளமன்று. இரைச்சலும் அப்படியே: சில இடங்களில் விமானம் வருவதுபோல் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள், வேறு இடங்களில் நீர் ஓசையின்றியே ஏறியிருக்கிறது. இரவில் கடலைப் பார்த்து அறிய முயல்வது நேரத்தை வீணாக்குவது மட்டுமே.

உங்கள் கேள்வி படகுகளில் தொடங்கியதால், படகில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்பக் கூடாது. அவர்கள் இருக்கும் இடமே பாதுகாப்பானது. 100 பாகம், அதாவது ஏறத்தாழ 180 மீட்டர் ஆழம், பாதுகாப்புக்கான பொது அளவாக நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. சில நாடுகள் தம் கடற்பரப்புக்கேற்ப வேறு ஆழங்களை வகுத்துள்ளன. கரையில் இருப்பவர் படகைக் காப்பாற்ற அந்த ஆழத்துக்குச் செல்ல முயல்வது, அலை வரப் பல மணி நேரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே பொருந்தும். கண்டத்திட்டு அகன்ற கடலில் அவ்வளவு ஆழத்தை எட்ட நெடுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். கடலில் காத்திருப்பவர்களும் முதல் அலை கடந்த செய்தி கேட்டவுடன் துறைமுகத்துக்குள் நுழையக் கூடாது. 2006 நவம்பரில் ஜப்பானுக்கு வடகிழக்கே உள்ள குரில் தீவுகளருகே எழுந்த ஒரு நடுத்தர ஆழிப்பேரலை, பசிபிக்கைக் கடந்து அதே கிரசென்ட் நகரின் துறைமுகத்தில் படகுத்துறைகளை உடைத்தது. ஊருக்குள் நீர் வரவில்லை, ஆனால் துறைமுகத்துக்குள் சுழன்ற நீரோட்டங்கள் மிகக் கடுமையாக இருந்தன, அவற்றுள் வலியவை முதல் அலை வந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்தே வந்தன. துறைமுக அதிகாரிகள் அனுமதி தரும் வரை, பாதி நாளோ அதற்கு மேலோ ஆனாலும், வெளியிலேயே நிற்கத் தேவையான எரிபொருளும் குடிநீரும் படகில் இருக்க வேண்டும்.